மேட் இன் எல்.ஏ. ஆவணப்படம்: அந்தப் பெண்கள் ஜெயித்தார்களா, இல்லையா?

பிசிர்நூல்
சனி, இரவு 10:40

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட 'மேட் இன் எல்.ஏ.'யை இன்று ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 2007இல் வந்த படம், 70 நிமிடம். இயக்கியவர் அல்முதேனா கர்ராசெதோ, ஸ்பெயினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனவர். தயாரிப்பில் அவரோடு ராபர்ட் பஹார். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி 2008இல் எம்மி விருதும் வாங்கியது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் தையல் வேலை பார்க்கும் மூன்று பெண்கள். இரண்டு பேர் மெக்சிகோ, ஒருவர் எல் சல்வடோர். எல் சல்வடோர்காரர் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர், 18 வருஷமாக அவர்களை நேரில் பார்க்கவில்லை. இன்னொருவர் 18 வயதில் வந்து, தையல் கடையில் முதலாளிக்கும் வீட்டில் கணவனுக்கும் ஒடுங்கியே வாழ்ந்தவர். மூன்றாமவர் ஆள் சின்னவர், வாய் பெரியது. படத்தின் பாதி உயிர் அவர்தான்.

2001இல் 19 தொழிலாளர்கள் ஃபாரெவர் 21 என்ற துணிக்கடை நிறுவனத்தின் மேல் வழக்குப் போடுகிறார்கள். குறைந்தபட்சக் கூலி இல்லை, ஓவர்டைம் இல்லை என்பது புகார். நிறுவனத்தின் பதில்: "இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, காண்ட்ராக்டரின் ஆட்கள்." கடை வாசலில் மறியல், நாடு முழுவதும் புறக்கணிப்பு என்று மூன்று வருஷம் ஓடுகிறது. 2004 டிசம்பரில் சமரசம். அதன் விவரம் ரகசியம்.

படத்தை நிறுத்தி வைத்து ஒரு கணக்குப் போட்டேன். அப்போது கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.75 டாலர். ஒரு மடிப்புத் தையலுக்கு 5 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூலி கிடைக்க மணிக்கு 135 பீஸ் தைக்க வேண்டும். அதாவது 27 விநாடிக்கு ஒன்று. நூல் அறுந்தாலும் ஊசி உடைந்தாலும் பாத்ரூம் போனாலும் அந்த 27 விநாடி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

என் சந்தேகம் இதுதான். மூன்று வருஷம் வெயிலில் நின்றார்கள். கடைசியில் மூடிய கதவுக்குள் ஒரு காகிதம். இதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

ஓவர்லாக்
சனி, இரவு 11:15

திருப்பூரில் இருபது வருஷம் லைன் ஓட்டிய ஆள் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கோபப்படாமல் கேளுங்கள்.

பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்றாலே ரத்தம் உறிஞ்சுவது என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊர் பவர் டேபிள் டெய்லரிடம் போய் "உனக்கு ஷிப்ட் சம்பளம் தருகிறேன், பீஸ் ரேட்டை விட்டுவிடு" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவார். கை ஓடுகிறவனுக்குப் பீஸ் ரேட்தான் லாபம். ஷிப்ட் கேட்பது செக்கிங், கைமடி, பேக்கிங் ஆட்கள். அவர்களுக்கு எண்ணிக்கை இல்லை, நேரம்தான்.

இரண்டாவது, புறக்கணிப்பு. கடைக்காரனுக்கு வலித்தால் அவன் என்ன செய்வான்? கூலியை ஏற்றுவானா, ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுவானா? அந்த ஆர்டர் எங்கே வரும்? எங்களிடம்தான். எனக்கு லாபம், அந்த அம்மாக்களுக்கு வேலை போச்சு. படம் எடுத்தவர்கள் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை.

கடலோரக்காக்கை
ஞாயிறு, காலை 6:05

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருந்து எழுதுகிறேன். இங்கே இப்போது சனிக்கிழமை மாலை.

//அந்த ஆர்டர் எங்கே வரும்? எங்களிடம்தான்.//

பெரும்பகுதி எப்போதோ அங்கே வந்துவிட்டது, ஓவர்லாக். 1994இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஒப்பந்தம் வந்ததும் ஜீன்ஸ் வேலை எல்லையைத் தாண்டியது. மிச்சம் இங்கே நின்றதற்குக் காரணம் அவசரம். திங்கள் ஒரு பாட்டுக்காரி போட்ட பாவாடை மூன்று வாரத்தில் கடையில் தொங்க வேண்டும் என்றால் கப்பலை நம்ப முடியாது. அந்த அவசரத்தின் விலையைத் தையல்காரி கொடுக்கிறாள்.

நான் டவுன்டவுனில் வேலை பார்த்தபோது மதியத்தில் ஃபேஷன் டிஸ்ட்ரிக்ட் வழியாக நடப்பேன். சான்டி சந்தில் கீழே ரங்கநாதன் தெரு மாதிரிக் கூட்டம், கூவி விற்பார்கள். அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் அண்ணாந்து பார்த்தால் ஐந்தாவது ஆறாவது மாடி ஜன்னல்களில் உள்பக்கமாகத் துணி ரோல் அடுக்கி வெளிச்சத்தை மறைத்திருக்கும். சரக்கு லிஃப்ட் திறந்தால் மெஷின் சத்தம் ஒரு விநாடி கேட்கும், மூடினால் நின்றுவிடும். கீழே பத்து டாலர் பாவாடை, மேலே அதைத் தைக்கிற கை, நடுவில் ஒரு லிஃப்ட்.

இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள எல் மான்ட்டே கதை தெரிய வேண்டும். என் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம். 1995 ஆகஸ்ட் 2ஆம் தேதி அங்கே ஒரு குடியிருப்பு வளாகத்தை அதிகாரிகள் சோதனை போட்டபோது உள்ளே 72 தாய்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். சுற்றிலும் முள்கம்பி, காவல். அங்கேயே தையல், அங்கேயே படுக்கை. சிலர் ஏழு வருஷம் வரை அப்படி இருந்திருக்கிறார்கள். தைத்தது அமெரிக்கக் கடைகளில் எல்லோரும் வாங்குகிற பிராண்ட் துணி. இதில் கொடுமை என்னவென்றால், மீட்டவர்களை நேராகக் கொண்டுபோய்க் குடிவரவுத் துறையின் காவலில் வைத்தார்கள். ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு. ஜூலி சூ என்ற இளம் வழக்கறிஞரும் சில அமைப்புகளும் மல்லுக்கட்டித்தான் வெளியே எடுத்தார்கள். பிறகு பிராண்டுகள் மேல் வழக்குப் போட்டு 40 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார்கள். அதே ஜூலி சூ 2023இல் அமெரிக்காவின் பொறுப்புத் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனார்.

இருட்டறை
ஞாயிறு, காலை 9:30

எல்லோரும் கூலிக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். நான் கொஞ்சம் படத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

இயக்குநர் முதலில் நினைத்தது ஒரு குறும்படம். அது ஐந்து வருஷ வேலையாக இழுத்துக்கொண்டு போனது. இந்தப் படம் தேறியதற்கு முக்கியக் காரணம் அதுதான். போராட்டப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மறியல் நடக்கிற அன்று கேமராவோடு வருவார்கள், கோஷத்தை எடுப்பார்கள், போய்விடுவார்கள். இவர் ஒன்றுமே நடக்காத நாட்களிலும் இருந்திருக்கிறார். வழக்கு நகராத மாதங்கள், கூட்டத்துக்கு ஆள் குறைகிற வாரங்கள், தொழிலாளர்களுக்கும் அவர்கள் கூடுகிற கார்மென்ட் ஒர்க்கர் சென்டர் என்ற தொழிலாளர் மையத்தின் ஊழியர்களுக்கும் நடுவில் வருகிற மனக்கசப்பு எல்லாம் படத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் என்றால் இதை வெட்டியிருப்பார்கள். "எதிரிக்கு நாமே தீனி போடக் கூடாது" என்பார்கள்.

இயக்குநர் பேசுவது அந்தப் பெண்களின் தாய்மொழியான ஸ்பானிஷ். நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். பேட்டி என்ற விறைப்பு இல்லை.

குறை சொல்ல வேண்டும் என்றால் இசை. சில இடங்களில் "இப்போது நெகிழுங்கள்" என்று முதுகில் தட்டுகிறது. கடைசிப் பத்து நிமிடம் கொஞ்சம் அவசரமாக நம்பிக்கையை நோக்கி ஓடுகிறது.

பிசிர்நூல், உங்கள் கேள்விக்குப் படத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது என்பேன். அந்தச் சின்ன உருவப் பெண் நியூயார்க்கில் குடியேறிகள் வாழ்ந்த பழைய குடியிருப்பு அருங்காட்சியகத்துக்குப் போய், நூறு வருஷத்துக்கு முந்தைய தையல் தொழிலாளர்களின் படங்களைப் பார்க்கிற இடத்தைத் திரும்பப் பாருங்கள். யூதர்கள், இத்தாலியர்கள். முகம்தான் வேறு, குனிந்திருக்கிற முதுகு அதே முதுகு. அந்த ஊரில்தான் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள். கதவு பூட்டியிருந்தது.

பிசிர்நூல்
ஞாயிறு, காலை 10:12

இருட்டறை, அந்தக் காட்சி எனக்கு எதிர்ப்பக்கமாக அல்லவா வேலை செய்தது! நூறு வருஷம் கழித்தும் அதே முதுகு என்றால் அது நம்பிக்கையா?

சட்டத்துளி
ஞாயிறு, மதியம் 12:48

பிசிர்நூலின் கேள்விக்கும் ஓவர்லாக்கின் பீஸ் ரேட்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

படம் முழுக்க ஓடுவது ஒரே சட்டக் கேள்வி: முதலாளி யார்? கடைக்காரர் உற்பத்தியாளரிடம் ஆர்டர் கொடுக்கிறார். உற்பத்தியாளர் காண்ட்ராக்டரிடம் கொடுக்கிறார். காண்ட்ராக்டர் பதினைந்து மெஷின் போட்ட ஆள், பெரும்பாலும் அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர். கூலி பாக்கி என்று புகார் போனால் கடையை மூடிவிட்டு அடுத்த தெருவில் வேறு பெயரில் திறப்பார். அவரிடம் ஜப்தி செய்யப் பழைய மெஷின் தவிர ஒன்றும் இருக்காது.

எல் மான்ட்டேவுக்குப் பிறகு 1999இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. கூலி பாக்கிக்கு மேலே இருக்கிற ஆடை உற்பத்தியாளரும் உத்தரவாதி என்றது. உடனே கடைகள் என்ன சொன்னன? "நாங்கள் உற்பத்தியாளர் இல்லை, வாங்கி விற்பவர்கள்." நடுவில் ஒரு அடுக்கைச் செருகினால் தப்பிவிடலாம். படத்து வழக்கும் இந்தச் சுவரில்தான் முட்டியது. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது, அந்த வருஷ முடிவிலேயே சமரசம். வழக்கு விசாரணைக்குப் போகும் என்று ஆன பிறகுதான் மேஜைக்கு வந்தார்கள் என்பது என் வாசிப்பு. நடுவில் நிறுவனம் தொழிலாளர் மையத்தின் மேலேயே அவதூறு வழக்குப் போட்டதும் நடந்தது.

அதே காலத்தில், 2002இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. ஆவணம் இல்லாத தொழிலாளியைச் சங்கம் சேர்ந்ததற்காக வேலையை விட்டுத் துரத்தினால், அவர் இழந்த சம்பளத்தை ஈடாகக் கேட்க முடியாது என்று. செய்து முடித்த வேலைக்கான கூலி வேறு, அதைக் கேட்கலாம். ஆனால் யோசியுங்கள், பயம் எப்படிப் பரவியிருக்கும்? அப்படிப்பட்ட ஊரில் மறியலில் நின்று முகத்தைக் கேமராவுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஓவர்லாக். பீஸ் ரேட் அங்கே அப்போது சட்ட விரோதம் இல்லை. எத்தனை பீஸ் தைத்தாலும் மொத்தத்தை மணி நேரத்தால் வகுத்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். தில்லுமுல்லு மணி நேரத்தில். அட்டையில் ஐந்து மணி நேரம், மெஷினில் பத்து மணி நேரம். அதனால்தான் 2021 செப்டம்பரில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஆடைத் தையலுக்குப் பீஸ் ரேட்டில் கூலி இல்லை, மணிக் கூலிதான். மேலே ஊக்கத்தொகை வேண்டுமானால் கொடுக்கலாம். அதோடு "நான் வெறும் கடைக்காரன்" என்ற ஓட்டையையும் அடைத்தார்கள். பிராண்டும் பொறுப்பாளி.

அந்தச் சட்டத்துக்காக நின்ற அமைப்புகளில் முக்கியமானது, படத்தில் வருகிற அதே கார்மென்ட் ஒர்க்கர் சென்டர்.

ஓவர்லாக்
ஞாயிறு, மதியம் 2:20

சட்டத்துளி ஜி, அட்டையில் ஐந்து மெஷினில் பத்து, இது எங்கும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

கடலோரக்காக்கை சொன்ன "மூன்று வாரம்" தான் என்னை யோசிக்க வைத்தது. சாப்பிட்டு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. இதைத் தொழில் தெரியாதவர்கள் பிடிக்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

பீஸ் ரேட் டெய்லருக்கு லாபம் என்றேன். அது எப்போது? ஒரே ஸ்டைல் இருபதாயிரம் பீஸ் ஓடும்போது. புது ஸ்டைல் ஏறினால் முதல் இரண்டு நாள் கை ஓடாது. கழுத்து வளைவு புதுசு, துணி புதுசு, ஓவர்லாக்கில் இழுத்துப் பிடிக்கிற பதம் புதுசு. அந்த இரண்டு நாளில் டெய்லர் திட்டிக்கொண்டே தைப்பார், காசு பார்க்க முடியாது. மூன்றாம் நாள் கை சூடாகும். ஐந்தாம் நாள் பாட்டுக் கேட்டுக்கொண்டே தைப்பார். அப்புறம் பத்து நாள் அறுவடை.

அந்த ஊரில் ஒரு ஸ்டைல் சில நூறு பீஸ்தான் என்றால், கை சூடாகிற நேரத்தில் ஸ்டைல் மாறிவிடும். வாழ்நாள் முழுக்க முதல் இரண்டு நாளிலேயே நிற்பது மாதிரி. அங்கே பீஸ் ரேட் வேறு மிருகம். என் முதல் பதிவில் ஒரு பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இன்னொரு பாதி, ஆர்டர் ஊர் மாறும் என்பது, அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. சமரசம் 2004 டிசம்பர் என்றீர்கள். அடுத்த மாதம், 2005 ஜனவரி 1, எங்கள் ஊரில் யாரும் மறக்காத தேதி. அன்றுதான் உலக அளவில் துணி ஏற்றுமதிக் கோட்டா எடுபட்டது. அதுவரை எந்த நாடு அமெரிக்காவுக்கு எத்தனை சட்டை அனுப்பலாம் என்று அளவு இருந்தது. கோட்டா போன பிறகு இங்கே பார்க்கிற பக்கமெல்லாம் புதுக் கட்டடம். நானே அந்த வருஷம் பன்னிரண்டு மெஷினை இருபத்தெட்டாக ஆக்கினேன். அந்த அம்மாக்கள் மூன்று வருஷம் நின்று ஒரு கையெழுத்து வாங்கிய அதே மாதத்தில் உலகத்துக்கே வாசல் திறக்கக் காத்திருந்தது. இதைப் படம் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

ஸ்படைனா அக்கா
ஞாயிறு, இரவு 8:55

தம்பிமார், பிள்ளைகள், நான் வழக்கமாக இங்கே வாசிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ வந்தேன். அகதிக் கோரிக்கை முடிவாகாத காலம். முதல் வேலை ஸ்படைனா தெருவில் ஒரு தையல் ஃபக்டரி. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடத்தில் கோப்பிக்கடையும் அலுவலகங்களும். பெண்களின் கோட்டுக்கு உள்துணி தைக்கிற பகுதியில் இருந்தேன். ஒரு பக்கம் போர்த்துகீசக்காரி, மறுபக்கம் சீனத்து அக்கா. எனக்கு அப்போது "யெஸ்", "நோ", "டூமாரோ" மூன்று சொல்தான்.

பீஸ் ரேட் என்று நீங்கள் கதைப்பது எனக்கு ஒரு சின்னக் கடதாசித் துண்டு. ஒவ்வொரு பண்டிலிலும் ஒரு டிக்கெட் கட்டியிருக்கும். தைத்து முடித்ததும் உங்கள் பகுதி டிக்கெட்டை வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தத் தாளைக் கொடுத்தால்தான் காசு. டிக்கெட் தொலைந்தால் தைத்ததும் தொலைந்தது. கனபேர் அந்தத் தாளை மேசையில் வைக்க மாட்டார்கள், சட்டைக்குள் வைத்திருப்பார்கள். நல்ல பண்டில், அதாவது நேர்த்தையல் உள்ளது, மேற்பார்வைக்காரிக்குப் பிடித்தவர்களுக்குப் போகும். வழுக்குகிற துணியும் வளைவும் எங்களுக்கு வரும்.

ஒரு மாரிகாலத்து வியாழக்கிழமை, சப்பாத்துப் பனி உருகிக் கீழே தேங்கிய தண்ணீரில் என் தாள் விழுந்துவிட்டது. பசை கரைந்து டிக்கெட் எல்லாம் கூழ். நாலு நாள் உழைப்பு. மேற்பார்வைக்காரி எடுத்துப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள். நான் அழவில்லை, அழுதால் அந்த நேரத்துக்கும் பீஸ் போகும். பின்னேரம் சீனத்து அக்கா ஒன்றும் சொல்லாமல் என் மேசைக்குப் புதுத் தாள் ஒன்றைத் தள்ளினா. அதில் அவவுடைய டிக்கெட்டுகள் பதினொன்று ஒட்டியிருந்தன. போர்த்துகீசக்காரி ஆறு. அடுத்த வெள்ளிக்கிழமை நான் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

நாங்கள் சங்கம் ஒன்றும் அமைக்கவில்லை. அந்தத் துணிச்சல் எங்களிடம் இல்லை, காகிதமும் இல்லை. அந்தப் படத்தில் அவர்கள் ஒரே அறைக்குள் இருந்து கதைப்பதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, வேறு சொல் தெரியவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு அறை இருக்கவில்லை.

பிசிர்நூல் தம்பி, வெற்றியா என்று கேட்டீர்கள். ஒப்பந்தத்தில் எவ்வளவு காசு என்று எனக்குத் தெரிய வேண்டாம். எங்கள் மேற்பார்வைக்காரியிடம் "என் டிக்கெட்டுக்குக் காசு தா" என்று ஒருத்தியாவது வாய் திறந்திருந்தால் அதை நான் இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிவேன்.

கடலோரக்காக்கை
திங்கள், காலை 5:40

அக்கா, உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மொழி பற்றி ஒன்று. கார்மென்ட் ஒர்க்கர் சென்டர் 2001இல் தொடங்கியபோதே ஸ்பானிஷ் பேசுகிறவர்களையும் சீனர்களையும் ஒன்றாக உட்கார வைக்க முயன்றார்கள். மொழிபெயர்ப்பு வைத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருந்து நடத்துகிற கூட்டம் எவ்வளவு இழுக்கும் என்று யோசியுங்கள். உங்கள் பதினொன்றும் ஆறும் அதற்கு முந்தைய வடிவம்.

இப்போது கசப்பு. 2022இல் தொழிலாளர் துறை தெற்குக் கலிஃபோர்னியாவில் தையல் காண்ட்ராக்டர்களைச் சோதித்தது. 80 சதவீதம் பேரிடம் கூலிச் சட்ட மீறல். ஒரு இடத்தில் மணிக்கு 1.58 டாலர். பீஸ் ரேட்டைத் தடை செய்த பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டம் புத்தகத்தில் வந்த வேகத்தில் மாடிக்கு ஏறவில்லை.

படத்தில் வருகிற ஃபாரெவர் 21 என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. 2019இல் ஒரு முறை திவால். 2025 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளை நடத்திய நிறுவனம் மறுபடி திவால் மனு போட்டு எல்லாவற்றையும் மூடியது. சொன்ன காரணங்களில் ஒன்று, 800 டாலருக்குக் குறைந்த பொட்டலத்துக்கு அப்போது சுங்க வரி இல்லாததால் வெளிநாட்டு ஆன்லைன் கடைகள் மலிவாக விற்று அடித்துவிட்டன என்பது. எங்கள் பக்கத்து மாலில் கடைசி நாளில் ஹேங்கரைக்கூட விற்றார்கள். என் மகள் ஐந்து டாலருக்கு இரண்டு சட்டை வாங்கி வந்தாள். காலரில் பார்த்தேன், ஒன்று சீனா, ஒன்று வியட்நாம்.

இருட்டறை
திங்கள், காலை 8:02

//மூடிய கதவுக்குள் ஒரு காகிதம்//

பிசிர்நூல், இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சமரசம் ரகசியம் என்பதால் படத்தில் உச்சக்கட்டமே இல்லை. நீதிபதி சுத்தியல் தட்டவில்லை, கட்டுக் கட்டாகப் பணம் இல்லை. எடிட்டிங் அறையில் இயக்குநர் தலையைப் பிய்த்திருப்பார். அதனாலேயே படம் வழக்கை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துக்கொண்டது. கணவனிடமிருந்து விலகி வருகிற பெண், தையலை விட்டுவிட்டு அமைப்பாளர் வேலைக்குப் போய் ஹாங்காங் வரை போகிற பெண். இதை நீதிமன்றத்தில் போட்டுக் கேட்க முடியாது.

ஓவர்லாக் சொன்ன கோட்டா விஷயம் சரியான அடி. ஆனால் அது வேறு படம். அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 8:30

உள்ளூர் கம்பெனிகளின் பெயரைப் போட்டுச் சம்பளப் பிரச்சினை எழுதிய இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். நோக்கம் புரிகிறது. பெயர் இல்லாமல் திரும்ப எழுதுங்கள், வைத்துக்கொள்வோம்.

பிசிர்நூல்
திங்கள், இரவு 9:50

அக்காவுக்குப் பிறகு என் கேள்வி கொஞ்சம் சின்னதாகிவிட்டது. இருந்தாலும் முழுசாக விட மனம் இல்லை.

2004இல் ரகசியக் காகிதம். 2021இல் வெளிப்படையான சட்டம். நடுவில் 17 வருஷம். அந்த 17 வருஷத்தில் தைத்தவர்களுக்கு யார் கணக்குத் தீர்ப்பது? என் அம்மா வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டியவர், கிலோக் கணக்கில் காசு. இந்தப் பெயரை நான் வைத்துக்கொண்டதே அதனால்தான். "ஒரு நாள் நல்லது நடக்கும்" என்று யாராவது சொன்னால் அம்மா கத்தரிக்கோலை நிறுத்தாமல் "அந்த நாளைக்கும் மூட்டை வருமில்ல" என்பார்.

சரி, சட்டத்துளி சொன்ன ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அதே மையம், அதே ஓட்டை, அதை அடைத்தது. அன்று அந்தச் சுவரில் முட்டியிருக்காவிட்டால் ஓட்டை எங்கே என்றே தெரிந்திருக்காது.

ஓவர்லாக், ஒரு சவால். படத்தை உங்கள் யூனிட்டில் போட்டுக் காட்டுங்கள்.

ஓவர்லாக்
வியாழன், இரவு 11:30

காட்டினேன்.

இப்போது என் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். தமிழ்ப் பிள்ளைகள் மிச்சம். நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் ஹாலில் பழைய டிவியில் போட்டேன். படம் பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷ், கீழே எழுத்தும் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் மெஷினைப் பார்த்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு டெய்லர் எழுந்து "அது நம்ம மாடல் மெஷின்தான் அண்ணா" என்றார். இருபத்தைந்து நிமிடத்தில் பெல் அடித்துவிட்டது. டிஸ்பேச் அவசரம், நிறுத்திவிட்டேன். மீதி எப்போது என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

கூட்டம் கலையும்போது ஒடிசாப் பெண் ஒன்று, பேக்கிங்கில் வேலை, பத்தொன்பது வயது இருக்கும், வந்து கேட்டது: "அந்த அக்காவுக்கு ஒரு பீஸுக்கு எவ்வளவு?" பிசிர்நூல் போட்ட கணக்கைச் சொன்னேன். ஐந்து சென்ட், நம் காசுக்கு நாலு ரூபாய் சொச்சம் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, கையில் இருந்த டேக்கைக் காட்டியது. நாங்களே விலை அச்சடித்த டேக் போட்டுத்தான் பெட்டி கட்டுகிறோம், 12.99 யூரோ. "இது நம்ம காசுக்கு எவ்வளவு?"

ஆயிரத்துக்கு மேலே என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

இன்று காலை மேனேஜர் வந்து கேட்கிறார், டேக் போடுகிற வேலையை இனிமேல் தனி ரூமுக்கு மாற்றலாமா என்று. ஹாலில் நேற்றிலிருந்து எல்லோரும் டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களாம், வேலை மெதுவாகிறதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஸ்படைனா அக்கா
வெள்ளி, அதிகாலை 4:10

தம்பி, மாற்றாதையுங்கோ.